தந்தை ஒதுக்கிய இடது கை!

இடது கையால் சோறு எடுத்தால் அம்மா அதட்டுகிறாள். இடது கையால் பலப்பம் பிடித்தால் வாத்தியார் முறைக்கிறார். "அந்தக் கை வேண்டாம், இந்தக் கை!" என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த இடது கைப் பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா?

புதுக்கோட்டை லய பரம்பரையில் வந்த ஒரு சிறுவனும் இந்தச் சொல்லைக் கேட்டவன்தான். அவன் ஆசைப்பட்டது மிருதங்கம் வாசிக்க. வீட்டிலே மிருதங்கம் இருந்தது. தந்தையே பெரிய வித்துவான். ஆனாலும் தந்தை அவனுக்குப் பாடம் சொல்லத் தயங்கினார். காரணம், பையன் இடது கைக்காரன்!

மற்றொரு மகனுக்குத்தான் தந்தை பாடம் சொன்னார். ஒதுக்கப்பட்ட பையன் ஆசையை விடவில்லை. பின்னாளில் அந்தத் தந்தையிடமே பாடம் பெற்றான். தென்னாட்டின் தலைசிறந்த மிருதங்க வித்துவான்களில் ஒருவன் ஆனான்.

யார் அவன்?

1908ஆம் ஆண்டில் பிறந்து, 1962ஆம் ஆண்டில் மறைந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை! தந்தை பழனி முத்தையா பிள்ளை.

ஒரு கையின் பெருமை

புதுக்கோட்டை அப்போது மன்னர் ஆண்ட சமஸ்தானம். அங்கே வாழ்ந்த மான்பூண்டியா பிள்ளைதான் (1857 - 1922) இந்தப் பரம்பரைக்கு மூலவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர் என்று இசை உலகம் போற்றுவது அவரைத்தான்.

கஞ்சிரா என்பது என்ன? பலா மரத்தில் கடைந்த ஒரு சிறு வளையம். ஒரு பக்கம் மட்டும் தோல். ஓரத்திலே சலங்கை போல ஒலிக்கும் சிறு தகடுகள். அந்தக் காலத்தில் உடும்புத் தோல் கட்டினார்கள். இன்று உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. ஆகவே ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் வந்து விட்டன.

ஒரு கை கஞ்சிராவைப் பிடித்திருக்கும். மற்றொரு கைதான் வாசிக்க வேண்டும். மிருதங்கக்காரர் இரண்டு கைகளால் பேச வைக்கும் சொற்களை, கஞ்சிராக்காரர் ஒரே கையால் பேச வைக்க வேண்டும்! பிடித்த கையின் விரல்கள் தோலை அழுத்தி, நாதத்தை ஏற்றி இறக்கும். அவ்வளவுதான் உதவி.

மான்பூண்டியா பிள்ளை இந்த ஒரு கைக்குக் கணக்கையும் வேகத்தையும் கற்றுக் கொடுத்தார். தஞ்சாவூர் மிருதங்க மேதை நாராயணசாமி அப்பாவே அவருடைய வித்தையை மதித்தார். அவருடைய சீடர்களில் ஒருவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875 - 1936). மற்றொருவர் பழனி முத்தையா பிள்ளை.

ஒரு கையால் உலகை வென்ற குருவின் சீடருக்கே, மகனின் இடது கை குறையாகத் தோன்றியது! வழக்கத்தின் பலம் அவ்வளவு.

முதல் பாடம்

மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள். வலந்தலையில் கறுப்பு வட்டம் போலச் சாதம் இட்டிருக்கும். சுருதி சேர்ந்து கணீரென்று ஒலிப்பது அந்தப் பக்கம். மறுபக்கம் தொப்பி. அதிலே ரவையை நீரில் பிசைந்து அப்புவார்கள். கம்பீரமான அடிநாதம் அங்கேயிருந்து வரும்.

பிள்ளைக்கு முதலில் சொல்லித் தருவது நான்கே சொற்கள். த, தி, தொம், நம். இந்த நான்கையும் முதலில் மெதுவாக வாசிக்க வேண்டும். பிறகு இரண்டு மடங்கு வேகம். பிறகு நான்கு மடங்கு. வேகம் கூடும்போது சொல் கலங்கினால், மறுபடியும் முதல் காலத்துக்கே திரும்ப வேண்டும்.

இங்கேதான் பல பிள்ளைகளுக்குப் பொறுமை போய் விடுகிறது. பெற்றோருக்கும் போய் விடுகிறது. "ஒரு வருஷம் ஆயிற்று; இன்னும் த, தி, தொம், நம்தானா?" என்று கேட்கிறார்கள்.

ஆம், அதுதான்! விரல் எந்த இடத்தில் விழுகிறது? எவ்வளவு பலத்தோடு விழுகிறது? விழுந்தவுடன் எழுகிறதா, ஒட்டிக் கொள்கிறதா? இவற்றை மெதுவாக வாசிக்கும்போதுதான் காது கண்டுபிடிக்கும். வேகமாக வாசித்தால் பிழையும் சேர்ந்து கையில் படிந்து விடும். படிந்த பிழையைப் பிறகு அகற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

இதைத்தான் பெரியவர்கள் சாதகம் என்றார்கள். ஒரே பாடத்தைக் கண்ணை மூடிக் கொண்டு நூறு தடவை அடிப்பது சாதகம் அல்ல. ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக் கொண்டு, சென்ற தடவை வந்த பிழையைத் திருத்துவதே சாதகம்.

மேடையில் வந்த தடை

பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கத்தைத் திருப்பி வைத்துக் கொண்டார். இடது கை வலந்தலையில். வலது கை தொப்பியில். வித்தை கைக்கு வந்து விட்டது. ஆனால் மேடை ஏறினால் வேறொரு தடை!

கச்சேரியில் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும். ஆகவே மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்புறம் அமர்வது வழக்கம். இடது கைக்காரர் எதிர்ப்புறம் அமர வேண்டும். அப்படியானால் பிடில் வித்துவான் தம் இடத்தை விட்டுக் கொடுக்க வேண்டும். இது எளிதாக நடக்கவில்லை. இடம் மாறி உட்கார மனம் வராதவர்கள் இருந்தார்கள்.

அந்த நேரத்தில் கை கொடுத்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தம் கச்சேரிகளில் பழனியை வாசிக்க வைத்து ஊக்கம் கொடுத்தார்.

பிறகு? ஒதுக்கப்பட்ட கையின் தெளிவை ரசிகர்கள் வியந்தார்கள். தொப்பியில் அவர் எழுப்பிய கும்கி நாதத்தை இன்றும் பேசுகிறார்கள். கஞ்சிராவிலும் அவர் வல்லவர். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971ஆம் ஆண்டு முதல் கனடாவிலே, டொராண்டோ நகரின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். 2011ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருது பெற்றார். ஒதுக்கப்பட்ட கையிலிருந்து கிளம்பிய பாடம் கடல் கடந்தது!

மரப்பெட்டியில் பியானோ

கைக்கு வந்த சோதனையைச் சாதகத்தால் வென்ற இன்னொருவரின் வரலாறு மேல்நாட்டிலே உண்டு. அவர் பெயர் பால் விட்கன்ஸ்டைன். ஆஸ்திரியா நாட்டுப் பியானோ கலைஞர்.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. ரஷ்யப் போர்முனையில் அவர் காயம் பட்டார். வலது கையை எடுத்து விட்டார்கள். கைதியாகச் சைபீரியாவுக்குக் கொண்டு போனார்கள். பியானோ வாசிப்பவருக்கு ஒரு கை போனால் மிச்சம் என்ன?

அவர் அழுது கொண்டு உட்காரவில்லை. ஒரு காலி மரப்பெட்டியை எடுத்தார். அதன்மேல் கரித்துண்டால் பியானோவின் கட்டைகளை வரைந்தார். ஓசையே எழாத அந்தப் பெட்டியின்மேல் இடது கை விரல்களை ஓட்டிப் பழகினார். இரண்டு கைகளின் வேலையை ஒரே கைக்கு எப்படிப் பங்கிடுவது என்று விரல் விரலாக யோசித்தார்.

1916ஆம் ஆண்டில் மீண்டும் மேடை ஏறினார். பிரெஞ்சு இசை மேதை ரவெல், இடது கைக்கென்றே ஒரு பெரிய இசைப் படைப்பை அவருக்காக எழுதிக் கொடுத்தார். அது 1932ஆம் ஆண்டில் வியன்னா நகரில் அரங்கேறியது.

கல்லிலே எழுதிய பாடம்

புதுக்கோட்டை மக்கள் சாதகத்தின் பெருமையை அறிய வியன்னா போக வேண்டியதில்லை. குடுமியான்மலைக்குப் போனால் போதும். அங்கே பாறையிலே ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஏழு பகுதிகள். நான்கு நான்கு சுரங்களாகக் கோத்த வரிசைகள்.

அதை எதற்காக வெட்டினார்கள்? மாணவர்களின் நன்மைக்காக என்று கல்வெட்டே கூறுகிறது! ருத்ராசாரியாரின் சீடனான ஓர் அரசன் செய்த வேலை அது. பாட்டுப் படித்த அரசன் பிள்ளைகளுக்காகச் சுரக் கோவைகளைக் கல்லில் விட்டுச் சென்றான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இன்று வாத்தியாருக்குப் பஞ்சம் இல்லை. புதுக்கோட்டையிலேயே அரசு இசைப்பள்ளி உண்டு. பிள்ளையைச் சேர்த்து விடுகிறோம். ஆனால் சேர்த்த மறு மாதமே மேடை, மாலை, புகைப்படம் என்று மனம் பறக்கிறது. மேடை கிடைக்கவில்லை என்றால், "படிப்பு கெடுகிறது" என்று நிறுத்தி விடுகிறோம். இரண்டும் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல்.

தினம் அரை மணி நேரம் போதும். ஆனால் அது தவறாத அரை மணி நேரமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அடித்து விட்டு, ஆறு நாள் தொடாமல் இருந்தால் கை மறந்து விடும்.

அந்த நேரத்தில் தொலைக்காட்சியை அணையுங்கள். கைபேசியை எட்ட வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இசை தெரியாத தாய்க்கும் தகப்பனுக்கும் கூட, ஓசை தெளிவாக வருகிறதா, குழம்புகிறதா என்பது தெரியும். தெளிவாக வந்தால் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

பிள்ளை இடது கையை நீட்டுகிறதா? அதட்டாதீர்கள். மிருதங்கத்தைத் திருப்பி வையுங்கள், கையைத் திருப்பாதீர்கள். ஒரு வீட்டில் ஒதுக்கிய கை என்ன ஆயிற்று என்பதைப் புதுக்கோட்டை பார்த்து விட்டது. அதட்டலுக்கு அஞ்சி அடங்கிப் போன கைகள் எத்தனை வீடுகளில் இருந்தனவோ? இனி உங்கள் வீட்டில் ஒன்று அப்படி ஆக வேண்டாம்.