பிஸ்கட் உறையும் அம்மாக்களின் நேரமும்

பள்ளிக்கூடத்துக்கு ஒரு உதவி என்றால் அம்மாக்கள்தான் முதலில் ஓடுகிறோம். அந்த ஓட்டத்துக்கு ஒரு கணக்குப் பார்க்க வேண்டாமா? பொருட்களின் உறை, லேபிள்களைச் சேர்த்து அனுப்பினால் கம்பெனி பள்ளிக்குப் பணமோ சாமானோ தரும் என்கிற திட்டங்களைத்தான் சொல்கிறேன்.

உறை சேர்க்கிற ஆசை நமக்கும் புதுசு இல்லை. 1999 உலகக் கோப்பையின்போது பிரிட்டானியா பிஸ்கட் உறையில் போட்டிருந்த ரன்களை 100 ஆக்க, பிள்ளைகள் தெருத்தெருவாய் அலைந்தது நினைவிருக்கும். அது பரிசுக்காக. வெளிநாட்டில் அதையே பள்ளி நிதிக்காகச் செய்தார்கள்.

அமெரிக்காவில் கேம்பெல் சூப் கம்பெனி 1973-லேயே ஆரம்பித்தது. 1996-ல் ஜெனரல் மில்ஸ் கம்பெனி லேபிளுக்கு 10 சென்ட் என்று கொடுக்கத் தொடங்கியது. இதுவரை பள்ளிகளுக்குப் போனது 90 கோடி டாலருக்கும் மேல். கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளிக்கு 100 டாலர் சேர 1,000 லேபிளை வெட்டி, தேதி முடிந்ததைக் கழித்து, எண்ணி அனுப்ப வேண்டும். அந்த வேலையெல்லாம் பெரும்பாலும் சம்பளமில்லாத அம்மாக்கள் தலையில்! கேம்பெல் திட்டம் பிறகு நின்றே போனது. ஜெனரல் மில்ஸும் 2019-ல் வெட்டி ஒட்டுவதை விட்டு, கடை பில்லை செல்போனில் படமெடுத்து அனுப்பும் முறைக்கு மாறிவிட்டது.

இங்கிலாந்தில் 2003-ல் காட்பரி, சாக்லேட் உறைக்கு விளையாட்டுச் சாமான் தருவதாக அறிவித்தது. வாலிபால் கம்பமும் வலையும் வேண்டுமானால் 5,440 உறை! உடம்பைத் தேற்ற சாக்லேட் தின்பதா என்று எதிர்ப்பு கிளம்பி, திட்டம் கைவிடப்பட்டது. நம் நாட்டிலும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று 2020-ல் விதி வந்திருக்கிறது.

நம் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்ததாக வைத்துக்கொள்வோம். 10 ரூபாய் பாக்கெட்டுக்கு 25 காசு. 500 பிள்ளைகள் மாதம் பத்துப் பத்து உறை கொண்டுவந்தால் 5,000 உறை, 1,250 ரூபாய். அதற்குப் பெற்றோர் கடையில் கொடுத்தது 50,000 ரூபாய். நாலு அம்மாக்கள் தினம் 2 மணி நேரம், 5 நாள் உட்கார்ந்து எண்ணினால் 40 மணி நேரம். ஆக, ஒரு மணி நேரத்துக்கு 31 ரூபாய்!

"கையில் காசில்லாத அம்மாவும் ஒரு உறையைக் கொடுத்துப் பங்கெடுக்கலாமே" என்றாள் என் தோழி. நியாயமான பேச்சுதான். ஆனால் அதிகம் வாங்குகிற வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்குத்தானே அதிகம் போகும்? 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அரிசிக்கே யோசிக்கிற காசிமேட்டு வீடுகளில் எத்தனை உறை சேரும்?

லாரி தண்ணீருக்கும் ஷிப்ட் வேலைக்கும் நடுவே நமக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதை வீணாக்கலாமா? 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த லேபிள் ஈடாகும்?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அங்கே போய் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் எப்படி ரோட்டைத் தாண்டுகிறார்கள் என்று கேட்கலாம், தீர்மானம் போடலாம். பணமே கொடுக்க நினைப்பவர்களுக்கு 2022-ல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. கொடுக்கிற ரூபாய் நேராகப் பள்ளிக்குப் போகும்.

வீட்டுக்கு எப்படியும் வாங்குகிற சோப்பு, தூள் உறையைப் போகிற போக்கில் பள்ளியில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வருவதானால் சரி. அதற்காக ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கவும் வேண்டாம், ஒரு அம்மா உட்கார்ந்து எண்ணவும் வேண்டாம். நம் நேரத்துக்கு நாமே மதிப்புப் போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள், தோழிகளே?

- ஒரு வாசகி, திருவொற்றியூர்.