பிணமும் பிணக்கும்

'விளையாட்டுப் புத்தி' என்று ஒருவரைப் பழித்துரைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பொறுப்பற்றவர், ஆழ்ந்து எண்ணாதவர் என்பது அதன் கருத்து. ஆயினும் ஒரு சமூகம் எதனை விளையாடுகிறது, எவ்வாறு விளையாடுகிறது என்பதைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, அச்சமூகம் எதனை அஞ்சுகிறது, எதனை அவாவுகிறது என்பது புலனாகாமற் போகாது. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய விளையாட்டொன்றைப் பற்றியது. இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன இடம் என வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

அண்மையில் ஒரு போயா விடுமுறை மாலை, திருகோணமலை உட்துறைமுக வீதியை அடுத்த ஓர் இல்லத்தில், ஐவர் கூடி ஆடிய ஆட்டமொன்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஆசிரியர் இருவர், வங்கி எழுதுவினைஞர் ஒருவர், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, அவளுடைய தமையன் ஆகியோரே அவ்வைவர். மேசைமீது விரித்த பலகையில் உறைபனி மூடிய ஓர் ஊர். சாளரத்துக்கு வெளியே துறைமுக நீர் வெயிலில் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே ஐவரும் குளிருக்கும் பசிக்கும் அஞ்சி நடுங்கினர். அவர்களை அதனினும் நடுங்கவைத்தவை வாயிலிற் குவிந்த நடைப்பிணங்கள். ஆங்கிலத்தில் 'சொம்பி' எனப்படும், இறந்தும் எழுந்து உலவும் உருவங்கள்.

'டெட் ஒஃப் வின்டர்' என்பது அவ்வாட்டத்தின் பெயர். அமெரிக்கரான ஜொனதன் கில்மர், ஐசாக் வேகா என்னும் இருவர் ஆக்கிய இவ்வாட்டம் 2014 ஆம் ஆண்டு வெளிவந்தது. தாயத்திலும் சதுரங்கத்திலும் போல ஒருவரை ஒருவர் வெட்டி வீழ்த்துவது இதில் நோக்கமன்று. தப்பிப் பிழைத்தோரின் குடியிருப்பொன்றை எல்லோரும் சேர்ந்து காத்தல் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும், இருவருக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் உணவு தேடித் தரவேண்டும். சேரும் குப்பையை அகற்ற வேண்டும். புதிதாகத் தோன்றும் நெருக்கடிக்கு மருந்தோ எரிபொருளோ திரட்ட வேண்டும். தவறினால் குடியிருப்பின் மனவுறுதி ஒவ்வொரு படியாக இறங்கும். அது சுழியத்தைத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது, தோல்வி பொதுவானது. ஒவ்வொருவர் கையிலுமுள்ள சீட்டுகள் மட்டும் பிறர் காணாதவை.

அன்றைய ஆட்டத்தில் மூத்த ஆசிரியரே இயல்பாகத் தலைமை ஏற்றார். அவர் நல்லவர், கெட்டிக்காரர், விதிகளை நன்கு கற்றவர். 'நீர் வைத்தியசாலைக்குப் போம், தம்பி நூலகத்துக்குப் போகட்டும், தங்கச்சி வாசலை அடைக்கட்டும்' என்று ஒவ்வொருவருக்கும் பணி வகுத்தார். மற்றவர்கள் காய்களை நகர்த்தினர். ஐந்தாம் சுற்றில் எரிபொருள் நெருக்கடி வந்தது. ஐவர் ஆடுவதால் ஐந்து சீட்டுகள் வேண்டும். நான்கே சேர்ந்தன. மனவுறுதி ஒன்றில் நின்றது, அதுவும் வீழ்ந்தது. ஆட்டம் முடிந்து சீட்டுகளை எல்லோரும் மேசைமீது வைத்தபோது, மாணவியின் கையில் எரிபொருட் சீட்டொன்று இருந்தது.

'இதை ஏன் பிள்ளை முன்னமே சொல்லவில்லை?' என்றார் ஆசிரியர்.

'நீங்கள் கேட்கவில்லையே, சேர்' என்றாள் அவள்.

அறையில் எழுந்த சிரிப்பு விரைவில் அடங்கியது. ஏனெனில், அவள் வாய் திறவாமைக்கு இன்னொரு காரணமும் இருந்ததை எல்லோரும் அறிவர். இரண்டு சுற்றுகளுக்கு முன் ஒரு சீட்டை அவள் தயங்கித் தயங்கி எடுத்து வைத்தபோது, 'துரோகி இவள்தானோ' என்று தமையன் கேலி பேசியிருந்தான். அதன்பின் அவள் சொன்னதைச் செய்தாளேயன்றித் தானாக எதனையும் சொல்லவில்லை.

அந்தக் கேலிக்கு இடமளிப்பது ஆட்டத்தின் ஒரு விதி. ஒவ்வொருவருக்கும் ஓர் இரகசிய நோக்கச் சீட்டு வழங்கப்படும். ஆடுவோர் ஒருவருக்கு இரண்டு வீதம் பொதுநலத்துக்கு மாறாகாத சீட்டுகளை எடுத்து, அவற்றோடு குடியிருப்பைக் கவிழ்க்க முயலும் துரோகிச் சீட்டு ஒன்றையும் கலந்து, ஆளுக்கொன்று கொடுப்பர். ஐவர் ஆடினால் மொத்தம் பதினொரு சீட்டுகள். அவற்றுள் ஐந்தே கைக்கு வரும். ஆகவே துரோகி ஒருவர் மேசையில் இருப்பதற்குள்ள வாய்ப்புப் பதினொன்றில் ஐந்து, பாதிக்கும் குறைவு. அதாவது, பெரும்பாலான ஆட்டங்களில் துரோகி என்று எவருமே இரார். ஆயினும் ஐயம் எல்லா ஆட்டங்களிலும் இருக்கும். அன்றும் துரோகி எவரும் இருந்திலர்.

அந்தச் சொல் நம் மண்ணில் வெறும் சொல்லன்று. அதனைச் சுமத்தப்பெற்றவர் யார், அதனாற் பறிபோன உயிர்கள் எத்தனை என்று இங்கு நாம் கணக்கெடுக்க முற்படவில்லை. ஒன்று மட்டும் கூறுவோம். துரோகி இருந்தமையால் அழிந்த கூட்டத்தை வரலாறு அறியும். துரோகி இருப்பானோ என்ற அச்சத்தால் வாய்மூடி, கையிலிருந்ததைக் கொடாமல் அழிந்த கூட்டத்தையோ எவரும் எழுதி வைப்பதில்லை. ஏனெனில் அங்கே மௌனம் ஒன்றே எஞ்சி நிற்கிறது. பிணத்தினும் பிணக்கே கொடிது என்பது அன்று மாலை நாம் கற்ற பாடம். பிணக்கினும் கொடிது பேசாமை என்பது அதன் மறுபாதி.

நடைப்பிணத்தின் பிறப்பை ஆராய்வோர்க்கும் இவ்வுண்மையே தோன்றும். கரிபியப் பகுதியிலுள்ள ஹெயிட்டி, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கருப்பந்தோட்டங்களின் நாடாக இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகள் அங்கு உழைத்து மாண்டனர். சாவாவது விடுதலை தரும் என்று நம்பியிருந்த மக்களுக்கு, செத்த பின்னும் சூனியக்காரன் எழுப்பி வேலை வாங்குவான் என்ற எண்ணம் எத்துணைக் கொடியதாக இருந்திருக்கும்! 1804 ஆம் ஆண்டு அந்நாடு அடிமைத் தளையை அறுத்து விடுதலை பெற்றது. அந்த அச்சமோ கதையாக நிலைத்தது. அக்கதையில் வரும் நடைப்பிணம் எவரையும் கடிப்பதில்லை, தின்பதுமில்லை. தனக்கென எண்ணமின்றி, சொல்லின்றி, பிறர் ஏவியதைச் செய்வதே அதன் இலக்கணம்.

கடித்துத் தின்னும் கூட்டமாக அதனை மாற்றியது அமெரிக்கத் திரைப்படம். ஜோர்ஜ் ரொமேரோ 1968 ஆம் ஆண்டு எடுத்த படமே அவ்வகைக்கு வழிகாட்டி. 2016 இல் தமிழிலும் 'மிருதன்' என்றொரு படம் வந்தது. ரொமேரோவின் படத்தில் பண்ணை வீடொன்றுக்குள் அடைபட்டோர், நிலவறைக்குள் பதுங்குவதா, மேலே நின்று காப்பதா என்று தம்முட் பிணங்குகின்றனர். வெளியே நிற்கும் பிணங்களுக்கு வழி திறந்துவிடுவது அந்தப் பிணக்கேயாம்.

தமிழிலோ 'நடைப்பிணம்' என்ற சொல்லுக்கு நாம் எக்காலத்தும் வழங்கிவந்த பொருள் வேறு. உயிரிருந்தும் உணர்விழந்து, நோக்கமின்றி வாழ்பவனையே அவ்வாறு சொல்கிறோம். ஹெயிட்டி உழவனின் அச்சத்தோடு நம் சொல் ஒத்துப்போவதை நினைக்குந்தோறும் வியப்பு மேலிடுகிறது. அப்படியாயின், அன்று மேசையில் நடைப்பிணங்கள் எவை? பலகையில் நின்ற அட்டை உருவங்களா, அன்றி ஒருவர் சொற்படி காய் நகர்த்திய நால்வரா? ஆசிரியர் மீது குறை கூற இதனை நாம் சொல்லவில்லை. நால்வரும் தம் எண்ணத்தை மகிழ்ந்தே அவரிடம் ஒப்படைத்தனர். கெட்டிக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டால் எண்ணும் சுமை குறைகிறதல்லவா?

இங்கே நம் பழைய ஆட்டமொன்று நினைவுக்கு வருகிறது. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் வலிமை இல்லை. ஒன்றையொன்று அணைந்து நின்று, புலிக்குப் போக்கிடமில்லாமற் செய்வதே ஆடுகளின் வெற்றி. எளியோரின் ஒற்றுமைக்கு இதனினும் சிறந்த படத்தைத் தரையிற் கீறிக் காட்டிய இனம் வேறுண்டோ என நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அந்தப் பதினைந்து ஆடுகளையும் நகர்த்துவது ஒரே கை. ஆடுகள் கலந்து பேசுவதில்லை. அவற்றுக்குக் கருத்து வேற்றுமையும் இல்லை. ஒற்றுமை என்றதும் நம் உள்ளத்தில் எழும் படமும் பெரும்பாலும் இதுவே: ஒரு கை, பதினைந்து காய்கள். புதிய ஆட்டமோ ஒவ்வொரு காய்க்கும் ஒரு கையையும், ஒவ்வொரு கைக்கும் ஒரு மனத்தையும் வைத்து, இப்போது ஒற்றுமைப்படுங்கள் பார்ப்போம் என்கிறது. அருமை அங்கேதான் இருக்கிறது.

அழிவை ஆட்டமாக்குவது தகுமா என்று ஒரு வினா எழலாம், அதிலும் திருகோணமலையில். 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த ஊர் இது. 1964 திசெம்பர்ப் புயலையும், 2009 வரை நீண்ட போரையும் கண்டது இம்மாவட்டம். 2004 திசெம்பர் 26 இன் ஆழிப்பேரலையிற் கிண்ணியாவும் மூதூரும் பட்ட பாட்டை நேரிற் கண்டோர் இன்னும் அக்காலை நேரத்தை நினைக்க அஞ்சுவர். அவ்வலையைப் பலகையில் வரைந்து பகடை உருட்ட எவருக்கும் நெஞ்சு ஒப்பாது, ஒப்பவும் கூடாது. ஆனால் ஒருநாளும் வாராத பனியும் ஒருநாளும் எழாத பிணமும் எவருடைய துயரையும் கிளறுவதில்லை. பொய் முகமூடி அணிந்த ஆபத்தின் முன்னேதான் மெய்யான ஆபத்துக்கு வேண்டிய பழக்கங்களை அச்சமின்றிப் பயிலலாம்.

அப்பழக்கங்கள் எவை என்பதை இவ்வூரே அறியும். ஆழிப்பேரலைக்குப் பிந்திய நாள்களில், உதவி வந்து சேருமுன், வள்ளம் உள்ளவர் வள்ளத்தையும், அரிசி உள்ளவர் அரிசியையும், கட்டடம் உள்ளவர் கட்டடத்தையும் கொணர்ந்தனர். தம்மிடம் இருப்பது இன்னதென ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொன்னமையே அதற்கு வழி. 2022 ஆம் ஆண்டு வேறு காட்சியைக் கண்டோம். சீனக்குடாவிற் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99, பெரும்பாலும் பயனற்றுக் கிடக்க, அவற்றின் அயலிலேயே மக்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றனர். யாரிடம் எவ்வளவு உண்டு, அடுத்த கொள்கலம் எப்போது வரும் என்று அறியாத வரிசையில், முன்னால் நிற்பவர் யாவரும் ஐயத்துக்குரியவராயினர். எரிபொருட் சீட்டைக் கையில் வைத்தே ஆட்டத்தைத் தோற்ற மாணவியை நாம் சிரித்துத் தள்ளிவிட முடியாமைக்கு இதுவே காரணம்.

இனி, ஆசிரிய அன்பர்களுக்குச் சில சொல்வோம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை, பக்கத்தில் இருப்பவனை முந்துவதே கல்வி என்று நம் பிள்ளைகள் பயில்கின்றனர். குழுவாகச் செய்க என்று நாம் கொடுக்கும் வேலையையும் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று செய்ய, ஏனையவை பெயர் எழுதுகின்றன. கூடி ஆடும் ஆட்டம் இதற்கு மாற்றாகலாம். அன்று கண்டதுபோல அதே நோயைப் பெருப்பிக்கவும் செய்யலாம். ஆகையால் ஒரு விதியை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்: எல்லோரும் ஒருமுறை பேசி முடியும் வரை எவரும் காயைத் தொடலாகாது, இளையவர் முதலிற் பேசுக, மூத்தவர் இறுதியிற் பேசுக. பெட்டியின் விலை நமக்கு எட்டாதே என்போர் கவலற்க. கடதாசி அட்டையும் கத்தரிக்கோலும் போதும். துரோகிச் சீட்டை விலக்கி, நடைப்பிணத்துக்குப் பதில் வெள்ளத்தையோ வரட்சியையோ வைத்துப் பிள்ளைகளே புதியதோர் ஆட்டத்தை ஆக்கட்டும். தமிழும் சிங்களமும் ஒரே சீட்டில் எழுதப்பெற்றால் இம்மாவட்டத்துக்கு அது மிகவும் பொருந்தும். சிறுவர்க்குப் பிணங்களின் அச்சம் வேண்டா. பதின்ம வயதினர் அதனைப் பொறுப்பர்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரு துறைமுகத்தைச் சுற்றி வாழ்கின்ற இடம் திருகோணமலை. இங்கு கூடும் கூட்டங்கள் பல. அவற்றில் ஒருவர் திட்டம் வகுக்க, மற்றவர் தலையசைத்துக் கலைவதையும் கண்டிருக்கிறோம். திட்டம் வீழ்ந்த பின், இதை முன்னமே ஏன் சொல்லவில்லை என்ற வினா பிறக்கிறது. அம்மாணவியின் விடையே அங்கும் விடை.

அன்று இரவு ஐவரும் மீண்டும் ஒரு முறை ஆடினர். இம்முறை மூத்த ஆசிரியர் காயைத் தொடுமுன் அவளைப் பார்த்து, 'உம்மிடம் என்ன இருக்கிறது, பிள்ளை?' என்றார். அவள் சொன்னாள். அந்த ஆட்டத்திலும் அவர்கள் தோற்றனர். பனியும் பசியும் அத்துணை எளிதில் விடுவனவல்ல. ஆயினும் அம்முறை மேசையைச் சுற்றி இருந்தோர் ஐவரும் உயிரோடிருந்தனர்.