ஸ்கானுக்குப் போகுமுன் ஷெல் துண்டைச் சொல்லுங்கள்



வலிப்பு, தீராத தலையிடி, கைகால் விறைப்பு என்று கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் பெண்கள் பலரை, அவர்கள் வந்து தங்கும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் சந்திக்கிறேன். வயதான அம்மாமார் முதலில் கேட்பது, “பிள்ளை, என்னை எந்த மெசினுக்குள்ள விடப்போகினம்?” என்பதைத்தான். இம்மாதம் அதற்கே பதில் எழுதுகிறேன்.

வலிப்பு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஈ.ஈ.ஜி. எடுப்பார்கள். தலையில் சிறு தகடுகளை ஒட்டி, மூளையில் தானாக உண்டாகும் மெல்லிய மின் அலைகளைப் பதிவார்கள். ஜேர்மனிய வைத்தியர் ஹான்ஸ் பேர்கர் 1924இல் மனிதரில் முதன்முதல் பதிந்தது இதைத்தான். உடம்புக்குள் கரண்ட் விடுவதில்லை. முதல் நாள் தலைமுழுகி, எண்ணெய் வைக்காமல் போங்கள். எண்ணெய்த் தலையில் தகடு சரியாக ஒட்டாது. வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விறைப்புக்குச் செய்யும் நரம்புச் சோதனையில் தோலின்மேல் சிறிய மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். சுள்ளென்று இருக்கும், உடனே போய்விடும். கரண்ட் என்றாலே பழைய கொடுமை நினைவுக்கு வருபவர்கள் நம்மிடையே உண்டு. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள் என்று தொடங்குமுன்பே கேளுங்கள்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். முண்ணாண் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போடப்படுகிறது. பிறகு சிலருக்குச் சில நாள் தலையிடி இருக்கும்.

சீ.ரி. ஸ்கான் எக்ஸ்ரே கதிரால் எடுப்பது. 1971இல் இலண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்தார்கள். சில நிமிடங்களில் முடியும். இரத்தக்கசிவு, எலும்பு முறிவு, உலோகத் துண்டு எல்லாம் தெரியும். வயிற்றில் பிள்ளை இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர் இல்லை. பெரிய காந்தம் இருக்கிறது. 1.5 ரெஸ்லா இயந்திரத்தின் காந்தபலம் பூமியினுடையதைவிடச் சுமார் 30,000 மடங்கு. ஒடுங்கிய குழாய்க்குள் அரை மணி நேரமளவில் அசையாமல் கிடக்க வேண்டும். தடதடவென்று பெரிய சத்தம் கேட்கும். பங்கர் நினைவு வந்து பதறுபவர்கள் முன்பே சொல்லுங்கள். காதை மூட ஏதாவது தருவார்கள். உள்ளே இருந்தபடியே அவர்களைக் கூப்பிடவும் முடியும். தாலிக்கொடி, சட்டை ஊசி, கொண்டையூசி எல்லாவற்றையும் கழற்றிக் கூட வந்தவரிடம் கொடுங்கள்.

கழற்ற முடியாத இரும்புதான் பெரிய கவலை. போர் 2009 மே மாதம் முடிந்தது. ஷெல் துண்டோடு வாழும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். உருக்குத் துண்டைக் காந்தம் இழுக்கலாம், அது சூடேறவும் கூடும். கண், மூளை, முண்ணாண், பெரிய இரத்தக்குழாய் அருகே இருந்தால் ஆபத்து. கண்ணில் உலோகத் துகள் இருந்தது தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்த ஒருவருக்கு ஒரு கண் பார்வை போனதாக 1986இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. துண்டு உள்ள எல்லோருக்கும் இந்த ஸ்கான் கூடாது என்றில்லை. எக்ஸ்ரேயில் இடம் பார்த்து வைத்தியர் முடிவெடுப்பார், வேண்டுமானால் சீ.ரி.க்கு மாற்றுவார்.

ஆனால் பலர் துண்டு இருப்பதைச் சொல்வதில்லை. “எங்கே காயப்பட்டது?” என்ற கேள்வி சோதனைச் சாவடியிலும் முகாமிலும் விசாரணையாகவே வந்தது. கலியாணப் பேச்சிலும் தழும்பை மறைக்கப் பழகிவிட்டோம். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இந்த மௌனத்தின் காரணம் எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் ஸ்கான் அறையில் அது உயிரோடு விளையாடுவதாகிவிடும். எந்த ஊர், எந்த வருடம், யார் அடித்தது என்றெல்லாம் நீங்கள் அங்கே சொல்ல வேண்டியதில்லை. “உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது” என்றால் போதும். தமிழ் தெரியாதவர் என்றால் சிங்களத்தில், “மகே எங்கே யகட கேல்லக் தியெனவா” என்று சொல்லுங்கள். இந்த வரியை வெட்டி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கானுக்கு முன் தரும் கேள்வித்தாள் விளங்காத மொழியில் இருந்தால், யாரையாவது வாசித்துச் சொல்லக் கேளுங்கள். விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய எக்ஸ்ரேக்கள், சத்திரசிகிச்சைத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அம்மாவுக்கோ மாமிக்கோ துணையாகப் போகும் பிள்ளைகளே, அவர்கள் சொல்லத் தயங்கினால், அவர்களிடம் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.