யாழ்ப்பாணத்து வானமும் புதிய கமராக்களும்

நல்லூர்த் திருவிழாவையொட்டி ஊருக்கு வரும் புலம்பெயர் இளைஞர்களில் பலர் இப்போது முக்காலியும் கையுமாகவே வந்திறங்குகிறார்கள். பையைத் திறந்தால் மிரர்லெஸ் கமரா, இரண்டு மூன்று வில்லைகள், வடிகட்டிகள், சிலரிடம் ட்ரோன். நிலக்காட்சிகளைப் படமெடுக்க எங்கே போகலாம் என்று பத்திரிகைக்காரனான என்னிடம் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பவை இரண்டு: எப்போது போகப் போகிறீர்கள்? எடுத்த படத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? கமராவின் விலை இவ்விரண்டுக்கும் பின்னால் வரவேண்டிய விடயம் என்பது என் கருத்து.

குடாநாட்டில் மலையில்லை, அருவியில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுமில்லை. தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். ஆகவே இங்கே எடுக்கும் படத்தின் பெரும்பகுதி வானம். அந்த வானத்தை ஆள்வது காற்று. வைகாசியிலிருந்து வீசும் சோளகம் புழுதியைக் கிளப்பும், வானத்தை வெளிறச் செய்யும், மழையை மட்டும் தராது. ஐப்பசியில் எல்லாம் மாறும். எங்கள் மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. தென்மராட்சி வயல்கள் பச்சை கட்டும். வெடித்துக் கிடந்த தரவைகளில் நீர் நிற்கும். ஒவ்வொரு குளமும் வானத்தை இரட்டிப்பாக்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டங்களைத் தூக்கி நிறுத்துவது வாடை. ஆவணி நண்பகலில் காரைநகர் கசூரினாக் கடற்கரையைப் படமெடுத்துவிட்டு, ஊர் வெளிறிக் கிடக்கிறது என்று முறையிடுவோர் மாரியில் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

மேல்நாட்டு நூல்களிற் படித்த இன்னொரு பாடத்தையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். சூரிய உதயத்தையும் மறைவையும் ஒட்டிய பொன்னொளியை அந்நூல்கள் ஒரு மணிநேரமாகக் கணக்கிடும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பத்துப் பாகைக்குள் இருப்பதால் இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக எழுந்து விழுகிறது. அடிவானத்திலிருந்து ஆறு பாகை ஏற அதற்கு 25 நிமிடம் போதும். கோடைகால இலண்டனில் அதற்கு இருமடங்கு நேரமாகும். நெடுந்தீவுப் படகைப் பிடித்து, குதிரைகள் மேயும் வெளிக்குப் போய், அங்கே நின்று வில்லையைத் தெரிவு செய்பவனுக்கு அந்த ஒளி காத்திருக்காது.

புதிய கருவிகளால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. படச்சுருள் காலத்தில் மாரி வானத்தைப் பிடித்தால் நிலம் கறுக்கும். நிலத்தைப் பிடித்தால் முகில் வெளுக்கும். இன்றைய உணரிகள் இரண்டையும் ஒரே படத்தில் தாங்குகின்றன. மங்கலான விடியலிலும் முக்காலியின்றி எடுக்க முடிகிறது. ஆனால் கமராவும் வில்லையும் இரண்டுமே நீர்த்தடுப்புள்ளவையாக இல்லாவிட்டால் அந்தத் தடுப்பால் பயன் சொற்பம். பொலித்தீன் பையும் ரப்பர் வளையமும் இன்றும் நல்ல மழைக்கவசம். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியதும் வில்லையில் பனி படியும். பைக்குள் வைத்தே சற்று நேரம் வெளிவெப்பத்திற்குப் பழக விடுங்கள். மணற்காட்டில் சோளகம் வீசும்போது வில்லை மாற்றுவது உணரிக்குப் புழுதி ஊட்டுவதற்குச் சமம். மாரி ஈரத்தில் மூடிவைத்த வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகள் உண்டு. அவற்றை அறியாமற் பறக்கவிட வேண்டாம்.

இனி, எடுத்த படத்தை என்ன செய்வது என்ற கேள்வி. பத்திரிகை அலுவலகத்தில் எங்கள் தலைமுறை கற்ற முதற்பாடம், இடமும் நாளும் எழுதப்படாத படம் பாதிப் படம் என்பது. இன்றைய கைப்பேசி இவற்றைத் தானே குறித்துக்கொள்கிறது. ஆனால் அதே படத்தை வாட்ஸப்பிலும் பேஸ்புக்கிலும் வழமைபோல் ஏற்றும்போது அந்தக் குறிப்புகள் நீங்கிவிடுகின்றன, படமும் சுருங்குகிறது. ஆயிரம் பேர் விருப்பம் தெரிவித்த படத்தில், அது எந்த ஊர் என்பதைப் பத்து ஆண்டு கழித்துச் சொல்ல ஆளிருக்காது.

மற்றச் சமூகங்களுக்கு இது சிறு குறையாக இருக்கலாம். எங்களுக்கு அப்படியில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, குடும்பப் படத்தொகுப்புகள் வீடுகளோடு கைவிடப்பட்டன. 1990இல் வெளியேறிய வலிகாமம் வடக்கு மக்களின் காணிகள், போர் முடிந்த பின்னர் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது 2017இல். திரும்பிப் போனவர்களிற் பலர் வீட்டைத் தேடவில்லை; வீடு இருந்த ஒழுங்கையைத் தேடினார்கள். வேலியுமில்லை, பனையுமில்லை. கிணற்றை வைத்தே காணியை அடையாளம் கண்டவர்கள் உண்டு. அந்த ஒழுங்கையின் சாதாரணப் படமொன்று அன்று கையில் இருந்திருந்தால் அதன் பெறுமதியை எந்தக் கண்காட்சிப் பரிசாலும் அளக்க முடியாது.

நிலம் இன்றும் மாறிக்கொண்டே இருக்கிறது. மணற்காட்டு மணற்குன்றுகள் மணல் அகழ்வால் உருமாறுகின்றன. வீதிகள் அகல்கின்றன, வயல்கள் வீடாகின்றன. 2008 நவம்பரில் நிஷாப் புயலின் வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை இன்று எத்தனை ஊர்கள் படத்தோடு காட்டும்?

ஆகவே, புதிய கமரா வாங்கும் எண்ணத்தைச் சற்று ஒத்திவையுங்கள். உங்கள் ஊரின் ஒரு குளத்தையோ ஒழுங்கையையோ கரையையோ தெரிந்தெடுங்கள். ஆண்டுக்கு நான்கு தடவை, சோளகத்திலும் மாரியிலும் வாடையிலும் சித்திரை வெயிலிலும், ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் எடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு தடவை எடுத்துவிட்டு, மிகுதியை ஊரிலுள்ள மச்சானிடமோ மருமகளிடமோ கைப்பேசியில் எடுக்கச் சொல்லலாம். இடம், நாள், பார்க்கும் திசை மூன்றையும் எழுதுங்கள். மூலப்படத்தை இரண்டு மூன்று இடங்களிற் சேமித்து, ஒரு பிரதியை எங்கள் ஆவணங்களை எண்ணிமப்படுத்திக் காக்கும் நூலக நிறுவனம் போன்றோரிடம் ஒப்படையுங்கள்.

அழகான படங்கள் எங்களிடம் ஏராளம் சேர்ந்துவிட்டன. முகவரியுள்ள படங்கள்தான் குறைவு.