புது டயருக்கும் ரீபட்டன் டயருக்கும் ஒரே வரியா?

"சுழற்சிப் பொருளாதாரம்" என்ற வார்த்தை இன்று அரசு அறிக்கைகளில் அடிக்கடி அடிபடுகிறது. பொருளைத் தூக்கி எறியாதே, திரும்பத் திரும்பப் பயன்படுத்து என்பதுதான் அதன் சாரம். நல்ல விஷயம்தான். ஆனால் நாமக்கல் லாரிக்காரருக்கு இது புதுசா என்ன?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரி இருக்கும் ஊரிலெல்லாம் டயர் ரீட்ரேடிங் பட்டறையும் இருக்கும். ஓடி ஓடித் தேய்வது டயரின் மேல் பட்டன் மட்டுமே. உள்ளே இருக்கும் கேசிங் நன்றாகவே இருக்கும். பட்டறையில் கேசிங்கைச் சோதித்து, பழைய பட்டனைச் சீவி எடுத்து, புது ரப்பரை ஒட்டி, சூட்டில் வேகவைத்தால் டயர் மறுபடி ரோட்டுக்குத் தயார். செலவு புது டயர் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சுழற்சிப் பொருளாதாரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

சரி, அரசு இவர்களுக்கு என்ன செய்திருக்கிறது?

2023 டிசம்பரில் மத்திய சிறுதொழில் அமைச்சகம் 'ஸ்பைஸ்' என்ற திட்டத்தை அறிவித்தது. பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கழிவு ஆகிய துறைகளில் மறுசுழற்சி செய்யும் குறு, சிறு தொழில்களுக்கு இயந்திர விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 12.5 லட்சம் ரூபாய் மானியம். பாராட்டலாம். ஆனால் மெஷின் வாங்கினால் போதுமா? கஸ்டமர் வர வேண்டாமா?

இங்கேதான் ஜி.எஸ்.டி. குறுக்கே வருகிறது. 2018 மார்ச் 1-ம் தேதி சுற்றறிக்கைப்படி, லாரி ஓனரின் சொந்த டயருக்குப் பட்டன் போட்டுக் கொடுத்தால் அது சேவை, 18 சதவீதம். பட்டறைக்காரரே பழைய கேசிங்கை வாங்கி, பட்டன் போட்டு விற்றால் அது சரக்கு, புது டயருக்குச் சமமாக 28 சதவீதம்! 2025 செப்டம்பர் 22 முதல் புது டயர், ரீபட்டன் டயர் இரண்டுமே 18 ஆனது. எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு, வரிக்கு முன் புது டயர் 20,000 ரூபாய், பட்டன் போடும் கூலி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு புது டயர் 25,600, இப்போது 23,600. பட்டன் போடும் செலவு அன்றும் 7,080, இன்றும் 7,080. அதாவது புது டயருக்கு 2,000 ரூபாய் சலுகை, பட்டறைக்குப் பூஜ்யம். புது டயர் மலிந்தால் பட்டறை என்னவாகும் என்பது ஏற்கனவே பார்த்ததுதான். மலிவான சீன ரேடியல் டயர்கள் குவிந்தபோது ரீட்ரேடிங் தொழில் பலமாக அடி வாங்கியது. அந்த இறக்குமதிக்கு 2017 செப்டம்பரில் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட வேண்டியிருந்தது.

"கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளலாமே?" என்று காமர்ஸ் படித்தவர்கள் கேட்பார்கள். யார் கழிப்பது? டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு லாரியை வாடகைக்கு விடும் சின்ன ஓனரின் வாடகைக்கு வரிவிலக்கு உண்டு. வரி வசூலிக்காதவருக்கு உள்ளீட்டு வரி வரவும் கிடையாது. அந்த 18 சதவீதமும் அவர் கைக்காசு.

அடுத்து, 2022 ஜூலையில் வந்த கழிவு டயர் விதிகள். டயர் கம்பெனிகள் தங்கள் பொறுப்பைத் தீர்க்க மறுசுழற்சி செய்வோரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். டயரைப் பொடியாக்கினாலும், சூடாக்கி எண்ணெய் எடுத்தாலும் பொறுப்பு தீர்ந்தது. ரீட்ரேடிங் சான்றிதழ் வாங்கினாலோ, பொறுப்பு ஓராண்டு தள்ளிப்போகும், அவ்வளவுதான். பட்டன் போட்ட டயரும் ஒருநாள் கழிவாகத்தானே போகும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கும் டயரை மேலும் ஓட வைப்பவனுக்கு, அதைப் பொடியாக்குபவனைவிடக் குறைந்த மரியாதை என்பது எந்த ஊர் நியாயம்?

ரீபட்டன் டயர் வெடிக்கும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல். விமான டயர்களே பலமுறை ரீட்ரேடிங் செய்யப்படுகின்றன. வெடிப்பதற்குக் காரணம் மோசமான கேசிங், அதிக லோடு, குறைந்த காற்று. எனவே சலுகையைத் தரப் பரிசோதனையோடு சேர்த்தே கொடுக்கட்டும்.

கேட்பது பெரிதல்ல. ரீட்ரேடிங் வரியை 5 சதவீதமாக்குங்கள். மேலே சொன்ன கணக்கில் டயருக்கு 780 ரூபாய் மிச்சம். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் எட்டு ரீபட்டன் என்று ஓடும் பத்து சக்கர லாரிக்கு 6,240 ரூபாய். வருமானம் போகுமே என்று அரசு கவலைப்படலாம். ஆனால் புது டயர் குறைந்தால் இயற்கை ரப்பர் இறக்குமதியும் குறையுமே!

ஒரு கையால் மெஷினுக்கு மானியம், மறு கையால் கஸ்டமரிடம் வரி. இதற்குப் பெயர் ஊக்குவிப்பா? டெல்லியில் வார்த்தையைக் கண்டுபிடிக்கும் முன்பே தொழிலைச் செய்து காட்டியவர்கள் நாமக்கல் பட்டறைக்காரர்கள். அவர்களுக்குப் பாடம் எடுப்பதை விட்டுவிட்டு, வரியைக் குறையுங்கள்!