கைநாட்டு பொய் சொல்லாது

எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று ஏளனம் செய்யும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. சேரியிலிருந்து வந்த பெரியவர் பெருவிரலை மையில் ஒற்றும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தில் ஓர் இளக்காரம் தெரியும். ஆனால், நிலப் பத்திரம் அசலா, போலியா என்ற வழக்கு நீதிமன்றம் ஏறினால் நிலைமை தலைகீழாகிவிடும். படித்தவர் கையெழுத்தைப் பார்த்துப் போட்டுவிடலாம். பெருவிரல் ரேகையை அப்படிப் போட முடியாது.

1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, பின்னாளில் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கை அச்சை வாங்கினார். ரேகைப் பதிவின் வரலாறு நம் நாட்டில் அங்கிருந்து தொடங்குகிறது. முராரிலால் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியது. ரேகை ஒப்பீட்டில் தவறு நேர வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். கையெழுத்து ஒப்பீடு அந்த அளவுக்கு வளரவில்லை, ஆகவே நிபுணர் சொல்லும் காரணங்களை எச்சரிக்கையோடு எடைபோட வேண்டும் என்றது.

புதுச்சேரியில் இது ஏதோ ஏட்டுச் சங்கதி அல்ல. ரெயின்போ நகரில் காமாட்சியம்மன் கோயிலுக்குச் சொந்தமான நிலத்துக்கே போலிப் பத்திரம் தயாரிக்கப்பட்டதாக வழக்குப் பதிவாகி, சி.பி.சி.ஐ.டி. போலீசார் 2023இல் அரசு அதிகாரிகள் உட்படப் பலரைக் கைது செய்தார்கள். கோடிக்கணக்கில் மதிப்புள்ள கோயில் நிலத்துக்கே இந்தக் கதி என்றால், பாகூரிலோ வில்லியனூரிலோ சில குழி நிலம் வைத்திருக்கும் தலித் குடும்பம் எம்மாத்திரம்?

போலிப் பத்திரங்களில் ஒரு தந்திரம் உண்டு. இறந்துபோனவர் பெயரில், பழைய தேதியிட்டு எழுதுவது. 30 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்தை உண்மையென நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர் நுழைகிறார். தாத்தா இல்லை, சாட்சியும் இல்லை; யார் கேட்பது என்ற தைரியம்.

கேட்பதற்குக் காகிதமே இருக்கிறது. பார்த்துப் போட்ட கையெழுத்தில் கோடு தயங்கும். நடுவில் பேனா தூக்கிவைத்த இடம் தெரியும். அழுத்தம் ஒரே சீராக இருக்கும். இயல்பான கையெழுத்து ஓடும், ஏறி இறங்கும். நிபுணர் பார்ப்பது எழுத்தின் வடிவத்தை மட்டுமல்ல, கை ஓடிய விதத்தையும்தான்.

சாதாரணக் கண்ணுக்கே தெரியும் தடயங்களும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993 செப்டம்பரில். 1980ஆம் ஆண்டுப் பத்திரத்தில் 'விழுப்புரம் மாவட்டம்' என்று இருந்தால் யோசிக்க வேண்டாமா? அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1972இல், நயா பைசா வந்தது 1957இல். ணை, லை, னை போன்ற எழுத்துகளைப் பழைய துதிக்கை வடிவில் எழுதிய காலம் ஒன்று இருந்தது. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். 1960 என்று தேதியிட்ட கையெழுத்துப் பத்திரம் முழுக்கச் சீர்திருத்த எழுத்தில் இருந்தால் கேள்வி எழுப்பலாம்.

பிரெஞ்சுக் காலத்துக் காகிதங்களுக்குத் தனிக் கண் வேண்டும். 'முத்து' என்ற பெயரின் முதல் எழுத்துக்கு ஆங்கிலத்தில் எம், யூ போதும். பிரெஞ்சில் எம், ஓ, யூ என மூன்று எழுத்து வரும். அக்காலப் பிரெஞ்சுப் பத்திரம் ஒன்றில் ஆங்கில எழுத்துக்கூட்டல் இருந்தால் சந்தேகம் நியாயமானது. இதில் நமக்கு ஆபத்தும் உண்டு. 1881 ஆணையின்படி தனிச்சட்டம் துறந்து குடும்பப் பெயர் ஏற்றவர்களில் ஒடுக்கப்பட்டோர் கணிசமானவர்கள். பாட்டன் பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும், பேரன் காகிதத்தில் வேறு மாதிரியும் இருப்பதாலேயே வாரிசை மோசடிக்காரன் என்று சொல்லிவிடக் கூடாது.

நிபுணரின் வார்த்தையே வேதமும் அல்ல. 1894இல் பிரான்சில் ராணுவ அதிகாரி ஆல்ஃபிரட் டிரேஃபஸ் தேசத் துரோகி எனத் தண்டிக்கப்பட்டார். அவர் யூதர். ஒரு துண்டுக் கடிதத்தில் இருந்தது அவர் எழுத்துதான் என்று வாதிட்டவர் பெர்ட்டிலோன். அவர் கையெழுத்து நிபுணரே அல்ல. எழுத்து ஒத்துப்போகாத இடத்தில், டிரேஃபஸ் வேண்டுமென்றே தன் எழுத்தை மாற்றிக்கொண்டார் என்றார். பின்னர் ராணுவம் காட்டிய இன்னொரு ஆதாரத்தை 1898இல் விளக்கொளியில் பார்த்தபோது, ஒட்டப்பட்ட இரு துண்டுகளின் கோடுகள் வெவ்வேறு நிறத்தில் இருந்தன. அது போலி. டிரேஃபஸ் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வர 1906 ஆனது. சாதியும் இனமும் கண்ணை மறைத்தால் பூதக்கண்ணாடி என்ன செய்யும்? அறிவியல் தேவை; அதைக் கையாள்பவரின் நேர்மையும் தேவை.

ஒப்பீட்டால் தீராத மோசடியும் உண்டு. அவசரக் கடனுக்கு வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ போட்டுக் கொடுப்பது. அங்கே கையெழுத்து அசல். மேலே எழுதியது மட்டுமே பொய். எழுத்து கையெழுத்தை உரசி நெருக்கிக்கொண்டு நிற்கிறதா, முத்திரைத்தாள் விற்றவரின் பதிவேட்டில் தேதி என்ன என்று பார்க்கலாம். ஆனாலும் நிரூபிப்பது பெரும்பாடு. எந்த நெருக்கடியிலும் வெற்றுத்தாளில் விரல் வைக்காதீர்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். போலிப் பத்திரம் என்று புகார் கொடுத்தால், 'இது சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போ' என்று அனுப்பிவிடுவது காவல் நிலையங்களில் பழகிப்போன பதில். அந்தப் பதில் தவறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினர் நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுவதைக் குற்றமாக்குகிறது. 'முறைகேடாக' என்பதில், அந்த நிலத்துக்கான ஆவணங்களைப் புனைவதும் அடங்கும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. ஆக, போலிப் பத்திரம் வெறும் காகித மோசடி அல்ல. அது வன்கொடுமை.

ஆகவே அரசுக்கு மூன்று கோரிக்கைகள். தலித் நிலத்தில் போலிப் பத்திரப் புகார் வந்தால் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிந்து, மூல ஆவணத்தை உடனே தடய அறிவியல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நகலில் பேனா அழுத்தம் தெரியாது என்பதால் மூலம் அவசியம். பதிவு அலுவலகங்களின் பழைய ரேகைப் பதிவேடுகளைக் கரையானுக்கு விடாமல் காக்க வேண்டும். பரிசோதனைச் செலவை ஏழையின் தலையில் கட்டக் கூடாது. பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்தின் கதவைத் தயங்காமல் தட்டுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. ஒப்பிட அசல் கையெழுத்து இல்லாவிட்டால் எந்த நிபுணராலும் உதவ முடியாது. தாத்தா பாட்டியின் ரேகையோ கையெழுத்தோ உள்ள வங்கிப் படிவம், கூட்டுறவுக் கடன் சீட்டு, பழைய பட்டா எதுவானாலும் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு நிலம் தேடித் தந்தவர் கைநாட்டு வைத்தவராக இருக்கலாம். அதைக் காப்பாற்றும் சாட்சியும் அந்தக் கைநாட்டாகவே இருக்கலாம்.