பேர்சிவல் பாதிரியாரின் மாணாக்கர்

கொலன்னாவையில் நம் அயலில் வசிக்கும் அன்பர் ஒருவர் சென்ற வாரம் வாடிய முகத்துடன் வந்தார். அவருடைய மைந்தன் ஞாயிறுதோறும் கிறிஸ்தவப் பெரியவர் ஒருவரிடம் சென்று வருகிறானாம். அப்பெரியவர் ஐந்தாறு இளைஞர்களை அருகிருத்தி, வேதாகமம் படிப்பித்து, குடியும் சூதும் அணுகாது காத்து வருபவர்.

"பிள்ளை திருந்திவிட்டான், மாஸ்டர். ஆனால் நம்முடைய பிள்ளையாகவே இருப்பானோ?" என்றார் அன்பர்.

நாம் அவருக்குப் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரை நினைவூட்டினோம். யாழ்ப்பாணத்தில் இன்று மத்திய கல்லூரியாக விளங்கும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையை அவர் நடத்திய காலத்தில், 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுகம் என்னும் இளைஞர் அங்கே பயின்று, அங்கேயே ஆசிரியருமானார். வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் அவரையே பாதிரியார் துணைக்கொண்டார். ஆண்டுக்கணக்காக இருவரும் சேர்ந்து உழைத்தனர். ஒரு சொல்லுக்காக வழக்காடும்போது ஒருவர் உள்ளத்தை மற்றவர் அறிவது போல் வேறெப்போதும் அறிய முடியாது. மொழிபெயர்த்துப் பார்த்தோர் இதனை ஒப்புவர். இளைஞரோ சைவராகவே இருந்தார்.

1847 டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோவிலில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மிஷன் வேலையை விட்டார். பாடசாலை, அச்சுக்கூடம், பிரசங்கம், தெளிந்த வசனநடை என மிஷனரிமார் கையாண்ட கருவிகளையெல்லாம் சைவத்துக்காக எடுத்தாண்ட ஆறுமுகநாவலர் அவரே. இக்கடனைச் சொல்லக் கூசுவோர் நம்மவருள் உளர். அக்கூச்சத்தால் நாவலருக்குப் பெருமை கூடிவிடாது.

பேர்சிவலின் வேதாகமம் 1850இல் அச்சேறியது. பின்னர் அவர் சென்னையில் 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். ஒரு மாணாக்கர் எதிரணிக்குச் சென்றபின் வேறொருவராயின் யாழ்ப்பாணத்து இளைஞர்களை நம்பியிருப்பாரோ? பேர்சிவல் நம்பினார். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற தாமோதரம்பிள்ளையை அழைத்துப் பத்திரிகையை ஒப்படைத்தார். கிறிஸ்தவராய் வளர்ந்த அவரும் பிற்காலத்திற் சைவரானார். 1887இல் கலித்தொகையை அச்சிற் பதிப்பித்தார். மதக் கணக்குப் பார்த்தால் பாதிரியாருக்கு இரண்டும் நட்டமே. தமிழ் பெற்றதையோ நாம் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

"அப்படியாயின் பையனை விட்டுவிடலாமா?" என்றார் அன்பர்.

"அந்தப் பெரியவரை ஒருமுறை நேரிற் காணுங்கள். பையன் திருநீறு பூசி வந்தாலும் இதே அன்போடு கற்பிப்பாரா என்று கேளுங்கள்" என்றோம்.

அன்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பையன் சிலுவை அணிந்து வந்தால் வீட்டில் இதே அன்போடு சோறு போடுவீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டால்?" என்றார்.

நாம் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினோம்.